மருந்துப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது

திக்கிப் பேசுகிறவருக்குத் தப்பிக்க வழிகள் நிறைய உண்டு. "பணம்" என்று சொல்லப்போய் உதடு ஒட்டிக்கொண்டால் "காசு" என்று மாற்றிவிடலாம். "புதன்கிழமை" வரவில்லையா, "நாளன்னிக்கு" போதும். "வந்து", "அதாவது", "என்னன்னா" என்று முன்னால் இரண்டு சொல்லை முட்டுக்கொடுத்து, வராத சொல்லைப் பின்னுக்குத் தள்ளி, எப்படியாவது வாக்கியத்தை முடித்துவிடலாம். திருச்சி தில்லைநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், டி.பார்ம் படித்து முடிக்கும்வரை இப்படித்தான் பேசி வந்தார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் திக்குவார் என்பதே தெரியாது. கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் என்று நினைத்திருந்தார்கள். ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வழி அடைபட்டது. ஒரே மாத்திரையைப் பத்துக் கம்பெனிகள் பத்துப் பெயரில் விற்கலாம். ஆனால் மருத்துவர் சீட்டில் எழுதிய பெயரைத்தான் சொல்லி வரவழைக்க வேண்டும். அங்கே சொல்லை மாற்றினால் சரக்கே மாறிவிடும்.

அது தொண்ணூறுகளின் கடைசி. காலையில் கடை திறந்ததும் ஏஜென்சிக்குப் போன் போட்டு ஆர்டர் சொல்ல வேண்டும். முந்தின நாள் தீர்ந்துபோன மருந்துகளை வரிசையாக எழுதிய நீள நோட்டு ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவர் ஆரம்பிப்பார். மறுமுனையில் ஆர்டர் எடுக்கும் பையனுக்கு இன்னும் இருபது கடை பாக்கி. "மெட், மெட், மெட்" என்று முதல் அசையிலேயே சுழன்று குரல் நின்றுபோகும். எதிரில் ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்தாவது பொறுப்பார்கள். போனில் வெறும் மௌனம்தான் கேட்கும். லைன் போய்விட்டது என்று பையன் வைத்துவிடுவான். வைக்காவிட்டால் இன்னும் சங்கடம்: "மெட்ரோனிடசோலாண்ணே? எத்தனை ஸ்ட்ரிப்?" என்று அவனே முடித்துவைப்பான். மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. அவருக்கு வேண்டியது சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின்.

வாழ்க்கையில் வேறு எந்த இடத்திலும், தான் ஆரம்பித்த வாக்கியத்தை அடுத்தவர் தப்பாக முடித்தாலும் "ஆமா" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஓட்டலில் பரோட்டா கேட்கப்போய்ப் பொங்கல் வந்தால் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். நோயாளிக்குப் போய்ச்சேரும் மாத்திரையில் அப்படித் தலையாட்ட முடியவில்லை. "இல்ல, இல்ல" என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து திக்கி, கடைசியில் கடைக்காரரே போனை வாங்கிச் சொல்லும்படி ஆகும். அவரைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியது இந்த ஒரு மருந்தின் பெயர்தான்.

அதற்கு முன்பும் வைத்தியம் பார்க்காமல் இல்லை. வசம்பைச் சுட்டு, உரைத்து, தேனில் குழைத்துப் பாட்டி நாக்கில் தடவியிருக்கிறார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் ஒரு பெரியப்பா. கிரேக்க நாட்டுப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் அப்படிச் செய்து திருந்தினார் என்ற பழங்கதை எப்படியோ ஊர்வரை வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் "மெதுவாப் பேசுப்பா", "மூச்சை இழுத்து விட்டுட்டுப் பேசு", "யோசிச்சுப் பேசு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாரும் அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் என்ன பேச வேண்டும் என்பதை அந்தப் பையன் எப்போதோ யோசித்து முடித்துவிட்டான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வராது. "உ" என்று தொடங்குமுன்பே தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் இறைவணக்கம் பாடும்போதும், வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் ஒரு தடங்கலும் இருக்காது. "பாட்டுல மட்டும் வருது, பேச்சுல வராதா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். திக்குகிறவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் கேட்டிருக்கும் கேள்வி இது. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கல் மறைந்துவிடும் என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாக அறிந்த விஷயம். பாட்டில் தாளமும் நேரமும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகின்றன. தனியாகப் பேசும்போது அந்தக் காலக்கணக்கை மூளை தானே கணத்துக்குக் கணம் போட வேண்டியிருக்கிறது.

பயமோ கூச்சமோ திக்கலுக்கு மூலகாரணம் இல்லை. அவை பெரும்பாலும் திக்கிய பின் வந்து சேர்பவை. குடும்பங்களில் தொடர்ந்து வரும் இயல்பு அதற்கு உண்டு. 2010-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஓர் ஆய்வின் வழியே, திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டு வெளியிட்டார்கள். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஏதோ ஒரு வயதில் திக்கல் வருகிறது. பெரும்பாலோருக்கு அது போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் ஆண்கள் பெண்களைப்போல நான்கு மடங்கு. திருச்சி போன்ற ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். அவருக்கோ, அந்த ஊரிலேயே தான் ஒருவர்தான் திக்குகிறோம் என்ற நினைப்பு இருந்தது. மற்றவர்களும் அவரைப் போலவே ஒளிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் அவரைவிட இளையவரான ஒரு பெண். அவர் "மேடம்" என்பார், அந்தம்மா "சார்" என்பார். முதலில் கற்றுக்கொடுத்தது குரலை மெல்லத் தொடங்குவது. உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வெளியே போக வேண்டும். அந்த மூச்சின் மேலேயே குரலை ஏற்ற வேண்டும். "உ" சொல்லுமுன் காதில் விழாத அளவுக்கு ஒரு "ஹ". ப, ம போன்ற எழுத்துகளுக்கு உதட்டை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். த, ட, க-வுக்கு நாக்கும் அதேபோல. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து செய்து பார்த்தபோதுதான், "ப" சொல்லுமுன் தன் உதடுகள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்துவதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். அதோடு கூடவே இடது கண் மூடிக்கொள்வதையும், வலது கால் தரையைத் தட்டுவதையும். இவ்வளவு காலமும் எதிரில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

சில வாரங்களில் அந்த அறைக்குள் அவருடைய பேச்சு சீராகிவிட்டது. செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தால் மளமளவென்று படித்தார். கடைக்குப் போய் ரிசீவரைத் தூக்கியதும் எல்லாம் போயிற்று.

திக்கல் பயிற்சி எடுத்த யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். அறைக்குள் அவசரம் கிடையாது, யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, எதிரில் இருப்பவருக்குத் திக்கல் என்றால் என்னவென்று தெரியும். இதில் ஒன்றுகூட ஏஜென்சிப் பையனிடம் இல்லை. பலர் இங்கேதான் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். மனது வைக்காததால்தான் வரவில்லை என்று வீட்டிலும் பழி வந்து சேரும். அது நியாயமே இல்லாத பழி. அறைக்குள் வந்த பேச்சு கடைத்தெருவுக்கும் வர வேண்டுமென்றால் கடைத்தெருவில்தான் பழக வேண்டும்.

அந்தப் பயிற்சியாளர் அதற்குப் பிறகு கையில் எடுத்தது சார்ல்ஸ் வான் ரைப்பரின் வழி. 1905-இல் மிச்சிகனில் பிறந்த வான் ரைப்பர் கடுமையாகத் திக்கியவர். இளம் வயதில் பேசவே வேண்டாம் என்று காது கேளாத, வாய் பேசாத ஆளாக நடித்து ஒரு பண்ணையில் கூலிவேலை பார்த்தவர். வழியில் காரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்ட ஒரு கிழவரும் திக்குவாய்தான் என்பதை அவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கிழவர் முட்டி மோதாமல் சொற்களைத் தாமாகக் கசிய விட்டார்; தன்னோடு தானே சண்டை போட இனித் தெம்பில்லை என்றார். திக்காமல் பேச வேண்டும் என்ற விரதத்தை வான் ரைப்பர் அதோடு விட்டார். சுலபமாகத் திக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார். 1936-இல் கலாமசூ நகரில் சிகிச்சையகம் தொடங்கி, வாழ்நாளெல்லாம் அதையே சொல்லிக்கொடுத்தார்.

அவர் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு. அவற்றைப் பின்னிருந்து முன்னாகத்தான் கற்க வேண்டும். முதல் படியில், ஒரு சொல் திக்கியே முடிந்தாலும் அப்படியே ஓடிவிடக் கூடாது. முடிந்ததும் நிறுத்தி, ஒரு கணம் பொறுத்து, அதே சொல்லை இறுக்கமில்லாமல் இன்னொரு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் படியில், திக்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கத்தை உணர்ந்து தளர்த்தி, அந்தச் சொல்லிலிருந்து மெல்ல வெளியே வர வேண்டும். மூன்றாவதில்தான் சொல் வருமுன்பே அதற்குத் தயாராவது. நாள் முழுவதும் வாடிக்கையாளர் வரிசை நிற்கும் கடையில் இந்த முதல் படி எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வழியாகச் சொல்லி முடித்த பெயரை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்று நிதானமாக மறுபடி சொல்வது! அவர் செய்தார். ஏனென்றால் அந்தத் தொழிலில் அது விநோதமாகவே தெரியவில்லை. மருந்தின் பெயரையும் வேளையையும் இரண்டு தடவை சொல்வது நல்ல மருந்தாளுநரின் வழக்கம்.

இரண்டாம் படி அவருக்குப் போனில்தான் கைகூடியது. "மெட்" என்று சுழல ஆரம்பித்ததும் முன்பெல்லாம் இன்னும் வேகமாகத் தள்ளுவார். இப்போது அந்தச் சுழற்சியைத் தானே கையில் எடுத்தார்: இன்னொரு "மெட்", அதைவிட மெதுவாக ஒரு "மெ…ட்", நாக்கைப் பல்லுக்குப் பின்னாலிருந்து தளர்த்தி, கீழுதட்டை மேல்பல்லில் லேசாக வைத்து "ஃபார்மின்". மறுமுனையில் பையன் "மெட்ரோ…" என்று ஆரம்பித்தால், "இரு தம்பி, நானே சொல்றேன்" என்பார். இந்த ஒரு வாக்கியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. எல்லா உத்திகளுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உத்திகளைத் தமிழில் கொண்டுவரும்போது சில இடங்களில் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. சொல்லின் முதல் ஒலியை நீட்டிச் சொல்லச் சொல்வது பரவலான பயிற்சி. தமிழில் குறிலை நீட்டினால் நெடிலாகிவிடும். "பல்" வலிக்கு மாத்திரை என்று சொல்லும்போது நீட்டினால் "பால்" ஆகிறது. "எத்தனை நாளாப் பால்…" என்று அவர் கேட்டதும் ஓர் அம்மா கைக்குழந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னபோது இருவரும் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்கள். உயிரை நீட்டாமல், உதடு பிரிவதை மட்டும் மெதுவாக்குவது. ம, ந, வ, ல, ய போல நீளக்கூடிய மெய்யில் தொடங்கும் சொல்லானால் அந்த மெய்யையே கொஞ்சம் இழுத்துக்கொள்வது. "ம்மாத்திரை", "ந்நாளைக்கு". இது காதுக்கு உறுத்துவதில்லை. திருச்சிப் பக்கம் யோசித்துப் பேசுகிறவர்கள் இப்படி இழுப்பதுண்டு.

பேருந்தில் நடந்தது வேறு கதை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி அவர் இறங்க வேண்டிய இடம் பாலக்கரை. "பா" வராது என்ற பயத்தில் வருடக்கணக்காக "ஜங்ஷன்" என்று கேட்டு டிக்கெட் வாங்கி, முன்னாலேயே பாலக்கரையில் இறங்கிக்கொண்டிருந்தார். கூடுதல் காசு போனது பெரிதில்லை. ஒருநாள் நடத்துநர் "ஜங்ஷன்னு வாங்கிட்டு இங்க ஏன் சார் இறங்குறீங்க?" என்று கேட்டபோது, அதற்கும் ஒரு பொய்யைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. பயிற்சியாளர் கொடுத்த வேலை கேட்கவே பகீரென்றிருந்தது: பாலக்கரை என்று கேட்க வேண்டும், அதுவும் வேண்டுமென்றே திக்கிக் கேட்க வேண்டும். "பா, பா, பா, பாலக்கரை ஒண்ணு" என்று இறுக்கமில்லாமல், நடத்துநர் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

எந்த ஒன்றை மறைக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டாரோ, அதை வலியப் போய்க் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் இந்தப் பயிற்சிக்குப் பின்னால் வலுவான காரணம் இருக்கிறது. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கியவர், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையாக வரைந்து காட்டினார். வெளியே கேட்கும் தடங்கல் நுனி மட்டும். நீருக்கடியில் இருப்பது வெட்கமும் அச்சமும் ஒளிதலும். மறைக்க மறைக்க அடிப்பகுதிதான் வளர்கிறது. வேண்டுமென்றே திக்கும்போது முதல்முறையாகத் திக்கல் ஒருவர் சொன்னபடி கேட்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் வந்துவிடுகிறது. அந்த நடத்துநர் என்ன செய்தார் என்றால், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். சில்லறை சரியாக இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை.

அந்த வாரமே அவர் ஏஜென்சிப் போனிலும் முதல் வாக்கியத்தை மாற்றினார். "தம்பி, எனக்குப் பேச்சு திக்கும். சத்தம் வரலைன்னா லைன் கட்டாகலை, நான்தான் இருக்கேன். வச்சிடாதே." பையன் "சரிண்ணே, நீங்க மெதுவாச் சொல்லுங்க" என்றான். அதற்குப் பிறகு அந்த ஏஜென்சியில் ஒருவரும் இடையில் போனை வைத்ததில்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஏன் இத்தனை வருடம் என்று கேட்கத் தோன்றும். திக்குவாயைக் கண்டாலே சிரிப்பதற்குத் தயாராக இருக்கும் ஊரில், திரைப்படக் காமெடியில் அதை ஒரு சரக்காகவே வைத்திருக்கும் ஊரில், அந்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு மனபலம் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். பொதுவாழ்வில் அந்தப் பலத்தைக் காட்டியவர்கள் உண்டு. 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கித்தான் பேசினார், கடைசிவரை மேடையேறினார். எப்போதும் திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்று அவர் சொன்னதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள்.

மகள் பிறந்தபோது வீட்டில் பெயர்ப் பேச்சு வந்தது. மனைவியின் பாட்டி பெயர் "ப"-வில் தொடங்கும். அதை வைக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. தங்களுக்கு வராத எழுத்தைக் குழந்தையின் பெயரில் வராமல் பார்த்துக்கொள்ளும் தகப்பன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் அந்தப் பெயரையே வைக்கலாம் என்றார். பெயர் சூட்டும் அன்று, சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் தடவை நன்றாகவே அடைத்துக்கொண்டது. நிறுத்தினார். உதட்டைத் தளர்த்தி அதையே மறுபடி சொன்னார். இரண்டாவது சின்னத் திக்கலோடு வந்தது. மூன்றாவது சுத்தமாக வந்தது. "மாப்பிள்ளை நாலு தடவை சொல்லிட்டாரே" என்றார் மாமியார். அந்த அம்மாவைப் பொறுத்தவரை அது கணக்கில் வந்த ஒரு சந்தேகம் மட்டும்தான்.

திக்கல் இன்னும் இருக்கிறது. தூக்கம் குறைந்த நாளிலும் உடம்பு முடியாதபோதும் அதிகமாகும். சில மாதங்கள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று பழைய வேகத்தில் வரும். அதற்குக் காரணம் தேடுவதை அவர் நிறுத்திவிட்டார். பயிற்சி என்பது இப்போது தனியாக உட்கார்ந்து செய்வதாக இல்லை. கடையில் வரும் முதல் வாடிக்கையாளரிடம் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் திக்கிவிடுவார். திறந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்ற சொற்கள் ஓரளவு தாமாக வரும். ஆர்டர் இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. ஆனாலும் தட்டுப்பாடான மருந்துகளுக்கு மட்டும் போன் போட்டே கேட்கிறார். போனை விட்டுவிட்டால் போன் பயம் திரும்ப வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் திக்குகிறவர்கள் சிலரோடு அவரும் கூடுகிறார். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் பல நகரங்களில் நடத்திவரும் சுயஉதவிக் குழுக்களைப் பார்த்துத் தொடங்கியது. பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு இரண்டிரண்டு பேராகப் பேருந்து நிலையத்துக்குள் போய், முன்பின் தெரியாதவர்களிடம் முக்கொம்பு பஸ் எங்கே நிற்கும், சமயபுரத்துக்கு எந்தப் பஸ் என்று திக்கித் திக்கிக் கேட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்பவரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். யாராவது சிரித்தார்களா, எத்தனை பேர் சொல்லை முடித்துவைத்தார்கள், எத்தனை பேர் வழி சொல்லிவிட்டுப் பேசாமல் போனார்கள் என்று. சிரித்தவர் எண்ணிக்கை அவர்கள் பயந்த அளவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

போன தடவை பொறியியல் முடித்த ஒரு பையன் வேலைக்கான நேர்முகத் தேர்வைப் பற்றிக் கேட்டான். "என் பேரே வராதுண்ணே. பேரை மாத்திச் சொல்லவும் முடியாதே." அவர் அவனுக்கு இரண்டு காரியம் சொன்னார். உட்கார்ந்ததும் திக்கலைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் வரக் கூடாது. இரண்டாவது, பெயரை நன்றாகச் சொல்லிவிட்டாலும் அடுத்த சொல்லில் வேண்டுமென்றே ஒரு தடவை திக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்முகம் முழுக்க அந்த நல்ல தொடக்கத்தைக் காப்பாற்றுகிற கவலையே பெரிதாகிவிடும். அந்த வாக்கியத்தை அங்கேயே சொல்லிப் பார்க்கச் சொன்னார். பையன் பெயரில் அடைபட்டு நின்றபோது சுற்றி இருந்த ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேர்முகம் அந்த வாரம் வியாழக்கிழமை கோயம்புத்தூரில் நடந்தது. முடிந்ததும் போன் போட்டான். இரண்டு பேர் கேள்வி கேட்டார்களாம். அதில் ஒருவர், தன் தம்பியும் திக்குவான் என்று சொல்லி, பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்தாராம். முடிவு இன்னும் வரவில்லை. அந்தத் தம்பிக்குப் பூங்காவின் முகவரியும் ஞாயிற்றுக்கிழமை நேரமும் போய்ச் சேர்ந்துவிட்டன.